சொம்புக்குள் கத்தி

காசிக்குப் புறப்பட்ட அன்று செப்புச் சொம்புக்குள் கத்தியை ஒளித்து வைத்தது என் மாமனார் இல்லை. நான்தான்.

எங்கள் சொந்தபந்தத்தில் இந்தக் கதை தெரியாதவர்கள் அநேகமாக இல்லை. கல்யாணம், வளைகாப்பு என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் அத்தை இதை எடுத்துவிடுவார். "ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், ஏர்போர்ட்ல கத்தியோட பிடிபட்டார்" என்று தொடங்கி, சோதனை மேசையில் கத்தி விழுந்த சத்தத்தைக் கரண்டியால் டம்ளரைத் தட்டிக் காட்டுவார். கூட்டம் சிரிக்கும். மாமாவும் மெல்லச் சிரிப்பார். நான் எல்லாரையும்விட அரை விநாடி முந்திக்கொண்டு சிரிப்பேன். அத்தை மன்னிக்க வேண்டும், அந்தக் கதையில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் என் கத்திப் பைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை. அதனால் சட்டைப்பையில் அடங்கும் மடக்குக்கத்திகளை வாங்கிச் சேர்ப்பதை வீட்டில் யாரும் கெட்ட பழக்கமாக நினைக்கவில்லை. முதல் கத்தி நடைபாதையில் வாங்கியது. சிவப்புப் பிடி, வெள்ளைச் சிலுவை, பதினொரு உறுப்பு, நூற்றைம்பது ரூபாய். அன்று சாயங்காலமே ஊறுகாய் பாட்டில் மூடியை அதால் நெம்பினேன். மூடி அப்படியே இருக்க, திருப்புளி வளைந்துகொண்டது. போலி என்று தெரிந்ததும் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு அசல் மேல் ஆசை வந்தது. எட்டு வருஷத்தில் ஆறு வாங்கினேன்.

சாவிக்கொத்தில் தொங்குகிற 58 மில்லிமீட்டர் விக்டோரினாக்ஸ் 'கிளாசிக்' ஒன்று. கால்சட்டைப் பைக்கு 91 மில்லிமீட்டர் 'கிளைம்பர்'. அலுமினியப் பிடி போட்ட 'ஃபார்மர்'. வேறொருவர் கைமாற்றிக் கொடுத்த, வெங்கர் கம்பெனியின் பழைய கத்தி. குறடே முதுகெலும்பாக அமைந்த லெதர்மேன் 'வேவ்'. கடைசியாக 'சுவிஸ்சாம்ப்': 1985-இல் வந்த மாடல், 33 வேலை செய்யும், பையில் போட்டால் வேட்டி அவிழ்ந்துவிடும் கனம்.

சுவிஸ்சாம்ப் வந்த அன்று மனைவி கேட்டாள், "இது எவ்வளவு?"

"ஐந்நூறு."

அவள் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். "பரவாயில்லையே. என் தம்பிங்க ரெண்டு பேருக்கும் பொங்கலுக்கு ஒண்ணொண்ணு வாங்கிடுங்க." ஆயிரம் ரூபாயை எண்ணியும் கொடுத்துவிட்டாள். மிச்சத்தை நான் எப்படிப் புரட்டினேன் என்பது தனிக் கதை. மச்சான்கள் இருவரும் இன்றைக்கும் அந்தக் கத்தியை ஐந்நூறு ரூபாய்ச் சாமான் என்று நினைத்துக்கொண்டு தேங்காய் மட்டை உரிக்கிறார்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

இத்தனை கருவிகளில் உண்மையில் எது உதவுகிறது என்று ஒருமுறை நோட்டுப் போட்டு மூன்று மாதம் கணக்கு எழுதினேன். முதலிடம் கத்தரிக்கு. இரண்டாவதாக வந்தது எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் நின்றது. மாத்திரை அட்டை, பால் பாக்கெட், பார்சல் மேல் ஒட்டிய டேப், புது சட்டையின் விலைச்சீட்டு, ரவிக்கையில் துருத்திய நூல் என்று ஒரு நாளில் எத்தனை சின்ன வெட்டு வேலை இருக்கிறது என்பது எழுதிவைத்த பிறகுதான் தெரிந்தது. கத்தரிக்குள்ளும் பேதம் உண்டு. வெங்கரின் கத்தரி வாயில் நுண்ணிய பற்கள் இருக்கும். வழுக்கிக்கொண்டு போகிற பிளாஸ்டிக்கைக்கூட அது கவ்விக்கொள்ளும். விக்டோரினாக்ஸின் கத்தரிக்கு வழுவழுப்பான வாய், சுத்தமான வெட்டு. ஆனால் அதன் இரு கைகளுக்கும் நடுவே நகத்துணுக்கு அளவில் வளைந்த தகடு ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. அது ஒடிந்தால் கத்தரி தொளதொளவென்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எனக்கு ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஒடிந்தது. மாற்று ஸ்பிரிங் தனியாகக் கிடைக்கிறது. கிடைக்கிற வரைக்கும் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இரண்டாவதாக வந்தது சின்ன அலகு. மூன்றாவது யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், டின் திறப்பான். இதிலும் இரண்டு கட்சி. விக்டோரினாக்ஸுடையது முன்னோக்கி நகர்ந்து வெட்டும், வெங்கருடையது பின்னோக்கி இழுத்து வெட்டும். இந்த வித்தியாசத்தைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசுவேன். ஆனால் எங்கள் வீட்டில் டின் என்று வருவது வருஷத்துக்கு ஒரு கண்டென்ஸ்டு மில்க். திறப்பானுக்கு மதிப்பு அதன் நுனியால் வந்தது. அந்தத் தட்டை நுனி பிளஸ் தலைத் திருகாணியில் கச்சிதமாக உட்காரும். பொம்மைக் காரின் பேட்டரி மூடி, சுவிட்ச் போர்டு எல்லாம் அதால் கழற்றியதுதான்.

கார்க் திருகியால் ஒரு கார்க்கைக்கூடத் திறந்ததில்லை. இறுகிப்போன பாவாடை நாடா முடிச்சை அவிழ்க்க அதைவிட நல்ல சாதனம் கிடையாது. அதன் சுருளுக்குள் ஒளிந்திருக்கிற குட்டித் திருப்புளி மூக்குக்கண்ணாடித் திருகாணிக்கு ஆகும். பிடியில் செருகி வைக்கிற இடுக்கி முள் எடுக்க உதவியது. அதற்கு ஜோடியாக மறுபக்கம் செருகிய வெள்ளைப் பல்குச்சி, என் கிளைம்பரில் மட்டும் லொடலொடவென்று ஆடும். மீன் செதில் சுரண்டி? மீன் வாங்குகிற இடத்திலேயே சுத்தம் செய்து தந்துவிடுகிறார்கள். பெரிய அலகைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோனால், "முதல்ல அதைக் கழுவினீங்களா?" என்ற ஒரே கேள்வியோடு கதை முடிந்துவிடும்.

33 வேலையில் நான் செய்தது ஏழு. அந்த ஏழில் ஐந்தைச் சாவிக்கொத்தில் தொங்குகிற குட்டிக் கத்தியே செய்துவிடும். இந்த உண்மை தெரிந்ததும் நான் செய்தது நோட்டை அலமாரியின் மேல்தட்டில் பழைய காலண்டர்களுக்கு அடியில் மறைத்ததுதான்.

லெதர்மேன் கதை வேறு. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975-இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றினார். கார் அடிக்கடி மக்கர், தங்கிய மலிவு விடுதிகளில் குழாய்கள் ஒழுகல். கையில் சாரணர் கத்தி மட்டும் இருந்தது. ஒரு குறடு இருந்தால் தேவலையே என்று தோன்றிய அந்த எண்ணம் 1983-இல்தான் விற்பனைக்கு வந்தது. நடுவில் எட்டு வருஷம் பட்டறையிலும் கம்பெனி வாசல்களிலும் போயிற்று. அவருக்குக் குழாய் ஒழுகியதால் கருவி செய்தார். நான் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு எந்தக் குழாய் ஒழுகும் என்று வீடு வீடாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடிக் குழாய் ஒழுகியது. பிளம்பருக்குச் சொல்லியிருப்பதாகக் காவலாளி சொன்னார். "எதுக்கு? நான் பார்த்துக்கறேன்" என்று வேவை எடுத்துக்கொண்டு ஏறினேன். அதன் குறடு ஊசிமூக்கு ரகம். கம்பி வளைக்கவும், சூடான சின்ன மூடியைத் தூக்கவும், சிக்கிய ஜிப்பை இழுக்கவும் அருமை. குழாயின் அறுபட்டை நட்டைக் கவ்வுகிற அகலம் அதன் வாய்க்கு இல்லை. விளிம்பைப் பிடித்து முழு பலத்தோடு திருகினேன். நட்டின் முனைகள் மழுங்கி உருண்டையாயின. குழாய் முன்னைவிட உற்சாகமாக ஒழுகியது. சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் பிளம்பர் பைப் ரிஞ்சோடு வந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "யாரு சார் இதைக் கடிச்சு வச்சது?"

நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். "வாட்ச்மேன் ஏதோ பண்ணிட்டிருந்தார் போல" என்றேன்.

நட்டைக் கழற்ற முடியாமல் குழாயையே அறுத்து மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் காசைச் சங்கத்தில் காவலாளியின் சம்பளத்தில் பிடித்தார்களா, விட்டார்களா? நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

இனி காசி.

மகளுக்குப் பரீட்சை என்பதால் மனைவி வரவில்லை. மாமாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு போகும் பொறுப்பு என்னுடையது. அவர்களுக்கு முதல் விமானப் பயணம். புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி எங்கள் வீட்டில் தங்கினார்கள். சாப்பாடு முடிந்து மாமா ஈசிசேரில் சாய்ந்ததும் நான் கிளைம்பரை எடுத்துக்கொண்டு போய் ஆரம்பித்தேன். சுவிட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் 1884-இல் பட்டறை வைத்தது, சுவிஸ் ராணுவத்தின் முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்பட்டது, அது பொறுக்காமல் எல்செனர் போட்டிக்கு இறங்கி 1891-இல் சிப்பாய்க் கத்தியைக் கொடுத்தது, 1897-இல் அதிகாரிக் கத்திக்குக் காப்புரிமை வாங்கியது, அந்த அதிகாரிக் கத்தியை ராணுவம் அதிகாரபூர்வமாக வழங்காததால் அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டது வரை சொன்னேன். அம்மா விக்டோரியா 1909-இல் இறந்தபின் அவள் பெயரையே கம்பெனிக்கு வைத்தார், 1921-இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் 'இனாக்ஸ்' சேர்ந்துகொண்டது என்று முடித்தேன். கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் இழுத்துக் காட்டினேன். பல்குச்சியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

மாமா முழுக்கக் கேட்டார். முப்பது வருஷம் வகுப்பறையில் மற்றவர்களைக் கேட்க வைத்தவர், தானும் கேட்கத் தெரிந்தவர். பிறகு சொன்னார், "நம்மகிட்ட மடக்கெழுத்தாணின்னு ஒண்ணு இருந்துது மாப்பிள்ளை. ஒரு பக்கம் ஓலையில எழுதற ஊசி, இன்னொரு பக்கம் ஓலை வார்ற கத்தி. ரெண்டும் பிடிக்குள்ள மடங்கிக்கும்."

"அதுல கத்தரி இருக்காது மாமா" என்றேன்.

"இருக்காதுதான்" என்றார். பல்குச்சியைத் திரும்பக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் விமான நிலையத்தில் பெட்டிகள் பெல்ட்டில் ஏறி உள்ளே போன பிறகு, பாஸை எடுக்கப் பையில் கை விட்டேன். விரலில் கிளைம்பர் தட்டுப்பட்டது. பெட்டியில் போட மறந்திருக்கிறேன்.

கைப்பையில் கத்தி கூடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமான நிலையக் கடைகளில் இந்தக் கத்தி விற்பனை நின்று அந்தக் கம்பெனியே ஆட்டம் கண்டது வரைக்கும் தெரியும். தெரிந்தவன் செய்ய வேண்டியது ஒன்றுதான், அங்கே வைத்திருக்கிற பெட்டியில் போட்டுவிட்டு நடப்பது. மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். மனசு வரவில்லை.

மாமா தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதற்குள் மருந்து டப்பா, விபூதிச் சம்படம், கங்கைத் தண்ணீர் பிடித்துவர அத்தை எடுத்துவந்த செப்புச் சொம்பு. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. இவரை யார் சந்தேகப்படப்போகிறார்கள்? பாத்திரத்தோடு பாத்திரமாக ஸ்கேனரில் போய்விடும். பழகிய திருடனின் நிதானத்தோடு இதையெல்லாம் யோசித்தேன். "குடுங்க மாமா, பையை நான் பிடிச்சுக்கறேன். நீங்க பாஸை கையில வச்சுக்கங்க." அவர் நன்றியோடு கொடுத்தார். முதலில் பையின் அடியில் திணித்தேன். திருப்தியாக இல்லை. எடுத்துச் சொம்புக்குள் போட்டு, மேலே அவருடைய துண்டை அடைத்தேன். மாட்டினால் என்னுடையது என்று சொல்லிவிடலாம் என்றும் மனசுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது.

அந்த ஸ்கேனர் திரையில் துணியும் சாப்பாடும் ஆரஞ்சு நிறமாகத் தெரியும், உலோகம் நீலம். உலோகம் கனமாக இருந்தால் கறுத்துவிடும். கறுப்பாகத் தெரிகிற எதையும் அவர்கள் திறந்து பார்க்காமல் விடுவதில்லை. கத்திகளைப் பற்றி இவ்வளவு தெரிந்த எனக்கு இது தெரியாமல் போயிற்று.

"யாரோட பேக் இது?"

மாமா கையைத் தூக்கினார், வகுப்பில் மாணவன் தூக்குவதுபோல. அதிகாரி துண்டை உருவிவிட்டுச் சொம்பைக் கவிழ்த்தார். ணங்கென்று சத்தம். அத்தை டம்ளரில் தட்டிக் காட்டுகிற சத்தம் அவ்வளவு சரியாக வராது, அசலில் அது இன்னும் கூர்மை.

"இது யாருது?"

மாமா கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஷூவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அன்று நான் போட்டிருந்தது நாடா இல்லாத ஷூ.

"என்னோடதுதான் சார்" என்றார் மாமா. "வழியில பழம் நறுக்க."

"சொம்புக்குள்ள எதுக்கு சார் வச்சீங்க?"

இந்த மாதிரிக் கேள்வியை ஆயிரம் பையன்களிடம் கேட்டிருப்பார். பதில் சொல்ல அவருக்கு வரவில்லை. "தெரியாம வச்சுட்டேன்" என்றார். நோட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கியது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற பையன், "பெருசு வெவரம்தான்" என்றான். கத்தி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நகவெட்டிகளோடும் லைட்டர்களோடும் போய் விழுந்தது. அந்தக் கணத்திலும் நான் பார்த்தது கத்தியைத்தான்.

வழி நெடுக அத்தை விடவில்லை. "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? எங்கேர்ந்து வந்தது அந்தக் கத்தி? மாப்பிள்ளை என்ன நினைப்பார்?"

மாப்பிள்ளை சொன்னது இது: "விடுங்க அத்தை. வயசாகுதில்ல, மறந்திருப்பார்."

மாமா ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு மனைவியிடம் அத்தை போனில் கதையின் முதல் வடிவத்தைச் சொல்லி முடித்திருந்தார். அவள் என்னைக் கூப்பிட்டாள். "அப்பாகிட்ட ஏது கத்தி?"

"நான்தான் கொடுத்தேன். பழம் நறுக்க ஆகட்டும்னு."

கொஞ்ச நேரம் மௌனம். "அப்பாவுக்குக் குடுத்தீங்களா? உங்களுக்கு உசுராச்சே அது." குரல் தழுதழுத்தது. வேண்டாம் என்று சொல்லியும் அவளே பணம் அனுப்பி, ஊர் திரும்பிய மாதத்திலேயே இன்னொரு கிளைம்பர் வாங்க வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

காசியில் பிடித்த பொருள் ஒன்றை விட்டுவர வேண்டும் என்பார்கள். நான் கொய்யாப்பழத்தை விட்டேன். ஒருபோதும் விரும்பிச் சாப்பிட்டதில்லை. "உங்க மாமா ஊரைத் தாண்டறதுக்கு முன்னாடியே கத்தியை விட்டுட்டார்" என்று படித்துறையில் அத்தை சொன்னதுதான் அவர் கதைக்கு இன்றுவரை முத்தாய்ப்பு.

இரண்டு வருஷம் கழிந்து தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் புதிதாக வந்த சம்பந்தி வீட்டாருக்கு அத்தை கதை சொல்லிக்கொண்டிருந்தார். டம்ளர் சத்தம் கேட்டது. நான் சிரிக்கப் போக வேண்டிய நேரம். மாமா தன் அறையிலிருந்து கூப்பிட்டார்.

மேசையில் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று இருந்தது. தபால் தலை, பேனா நிப்பு, உடைந்த காம்பஸ் எல்லாம் அதற்குள். ஒரு காகித மடிப்பைப் பிரித்தார். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில், பழுப்பேறிய வெள்ளையில், தட்டையாக ஒரு குச்சி.

"அந்த ஜோல்னாப் பையைத் துவைக்கப் போட்டப்போ அடித் தையல்ல இருந்துது மாப்பிள்ளை. உங்களோடது."

கையில் வாங்கினேன். எவ்வளவோ வார்த்தைகள் தொண்டை வரை வந்தன. "ஆமா மாமா" என்பது மட்டும் வெளியே வந்தது.

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். மாமா பெட்டியை மூடினார்.

"உங்க அத்தைகிட்ட சொல்லலை" என்றார். "அவ கதை கெட்டுப்போயிடும்."